அரை எண்ணிக்கை முன்னால்

"இல்லக்கா, நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க. ஒருத்தி சரியா வாசிக்கிறா. மத்த மூணு பேரு தப்பா வாசிக்கிறாங்க. வெளியே அனுப்ப வேண்டியது யாரை? அந்த ஒருத்தியையா? அதைத்தான் செஞ்சிருக்காங்க. நாலுல மூணு பேரு தப்புன்னா தப்பே சரியாயிடுமா? இதுக்குப் பேரு மெஜாரிட்டியா?"

நீலாவதி நியாயம் சொல்ல வந்தவள் இல்லை. உறைமோர் வாங்க வந்தவள். கணவனுக்கு மாற்றலாகி, கரூரிலிருந்து கடல் தாண்டி இந்தத் தீவின் மரைன் ஹில் குடியிருப்புக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, ஒரு டம்ளரோடு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்த மங்கையர்க்கரசி அவள் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாள். கீழே பாயில் வயலின் கிடந்தது. மேஜையில் நாலு பக்க மனு ஒன்று.

மங்கை கல்லூரியில் அரசியல் அறிவியல் இரண்டாம் ஆண்டு. பேச்சுப் போட்டிகளில் எதிரணிக்கு மூச்சுவிட இடம் கொடுத்ததாக யாரும் சொன்னதில்லை. நீலாவதி எதிரணிகூட இல்லை.

"மெயின்லாண்டுல இளைஞர் விழாக்கா. எங்க காலேஜ் வாத்தியக் குழு வெள்ளிக்கிழமை கப்பல் ஏறுது. போன வாரம் செலக்‌ஷன். நான் வர்ணம் வாசிக்கிறேன், மிருதங்கம் சிவபிரகாஷ். நாலு ஆவர்த்தனம்கூடப் போகல, கையை நிறுத்திட்டு என்னைப் பார்த்து 'நீ ஓடுறே'ங்கிறான். ஓடுறேனாம். அவன் இழுத்துக்கிட்டு வர்றான், நான் ஓடுறேனாம். குழுவுக்குப் பொறுப்பான மேடம் உடனே, 'டீக் ஹை, சரி, ஜெரின் கீபோர்டுல வாசிக்கட்டும்'னுட்டாங்க. ஜெரின் நல்ல பையன்தான், அவங்க சர்ச்ல அவன்தான் வாசிப்பான், அதெல்லாம் ஒண்ணும் சொல்லல. ஆனா கீபோர்டுல கமகம் எங்கேருந்துக்கா வரும்? ஒரு ஸ்வரத்துலேருந்து இன்னொண்ணுக்கு வழுக்கிப் போகணும். அது கட்டை கட்டையா, அரசாங்க ஆபீஸ்ல ஃபைல் நகர்ற மாதிரி நகருது. ...உக்காருங்கக்கா, எங்க எந்திரிக்கிறீங்க? மோர் ஃப்ரிட்ஜ்லதான் இருக்கு, எங்கயும் போயிடாது."

நீலாவதி உட்கார்ந்தாள். மோர் எங்கும் போகாது என்பது உண்மைதான். பால்தான் ஆறிக்கொண்டிருந்தது.

"இந்த ஊர்ல வயலின் கத்துக்கிறதே ஒரு போராட்டம். மழை வந்தா தந்தியை முறுக்குற பிருடை ஊதிக்கும், முறுக்கினா திரும்பாது. வெயில் வந்தா சுருங்கிக்கும், சுருதி சேர்த்துக் கையை எடுக்கிறதுக்குள்ள சர்ருனு இறங்கிடும். சாக்பீஸ் தூளைத் தடவித் தடவி எங்கம்மா இது என்ன வயலினா கரும்பலகையான்னு கேக்குறாங்க. தந்தி அறுந்துச்சுன்னா ஆன்லைன்ல போட முடியாது, உங்கள் பின்கோடுக்கு அனுப்ப இயலாதுன்னு வரும். ஏன், நாங்க வேற கிரகமா? ஆனா இதுல ஒரு நல்லதும் இருக்குக்கா. தெனம் பத்து தரம் சுருதி சேர்த்ததுல என் காது இருக்கே, அது பக்கா. அந்த ஃபேன் என்ன சுருதியில ஓடுதுன்னு சொல்லுவேன். அந்த மாதிரிக் காது உள்ளவளைப் பார்த்துத் தாளம் தெரியலன்னா... எனக்கு எப்படி இருக்கும்?"

நீலாவதி ஃபேனை நிமிர்ந்து பார்த்தாள். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

"அதுவும் யார்கிட்ட கத்துக்கிட்டேன்? சென்னையில பழனியாண்டி சார்கிட்ட. ரெண்டு வருஷம், வாரம் மூணு நாள், எல்லாம் வீடியோவுலதான். அவர் அங்க உக்காந்து தொடையில தட்டித் தாளம் போடுவாரு, நான் இங்க வாசிக்கணும். ஆரம்பத்துல அய்யோ, ஒரே திட்டு. 'பிந்துற, பிந்துற, தாளம் போனப்புறம் யாருக்கும்மா வாசிக்கிற?' நான் அவர் தட்டுறதோட கரெக்டாத்தான் வாசிக்கிறேன். ஆனா பிந்துதாம். அழுதேன்க்கா. வில்லைத் தூக்கிப் போட்டுட்டேன். அப்புறம்தான் யோசிச்சேன், மத்லப், அதாவது, அறிவியல்பூர்வமா யோசிச்சேன். அவர் தட்டுற சத்தம் கடலைத் தாண்டி இங்க வரணும். நான் வாசிக்கிறது திரும்பக் கடலைத் தாண்டி அங்க போகணும். நம்ம ஊரு நெட் லட்சணம் உங்களுக்கே தெரியும். அப்ப அவருக்குப் பிந்தாம என்ன செய்யும்? அதனால என்ன பண்ணினேன், அவர் தட்டுறதுக்கு அரை எண்ணிக்கை முன்னாலயே வாசிக்க ஆரம்பிச்சேன். அன்னைக்கு சார் மொகத்தைப் பாக்கணுமே. 'இப்பத்தாம்மா தாளம் வந்திருக்கு உனக்கு'ங்கிறாரு."

நீலாவதி டம்ளரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். பள்ளிக்கூடத்தில் அஞ்சு வருடம் பாட்டு வகுப்புக்குப் போனவள் அவள். இந்த இரண்டு மாதமாகச் சாயங்காலங்களில் சுவர் வழியாக வரும் வயலினுக்கு, காய் நறுக்கும் கத்தியால் பலகையில் தாளம் போட்டுப் பார்த்திருக்கிறாள். ஒரு நாளும் சேர்ந்ததில்லை. கடல்காற்றும் உப்புத்தண்ணியும் தன் காதைக் கெடுத்துவிட்டதாக நினைத்திருந்தாள். வாயைத் திறந்தாள்.

"இருங்கக்கா, முக்கியமானதை இன்னும் சொல்லல. ஆனா அவர் தட்டுற சத்தம் காதுல விழுந்துக்கிட்டே இருந்தா குழம்புதில்ல? நான் முன்னால போவேன், அது பின்னாலயே துரத்திக்கிட்டு வரும். அவ்வளவுதான், ஸ்பீக்கரை அணைச்சிட்டேன். திரையில அவர் தலையாட்டுறாரான்னு மட்டும் பாப்பேன். ஒன்றரை வருஷமா அப்படித்தான். ஒரு நாள்கூடப் பிந்துறேன்னு சொன்னதில்ல. இப்பேர்ப்பட்ட பயிற்சி எடுத்தவளை சிவபிரகாஷ் ஓடுறேன்னு சொல்றான்."

மங்கை மேஜையிலிருந்த மனுவை எடுத்தாள். படித்தே காட்டினாள். சிவபிரகாஷ் வேண்டுமென்றே தாளத்தை இழுத்தான் என்று முதல் பக்கத்தில் இருந்தது. இரண்டாம் பக்கத்திலும் அதுவே, கொஞ்சம் கடுமையாக. நாலாம் பக்கத்தில் ஜனநாயகம் வந்தது.

"கெஞ்சிக் கூத்தாடி மறுபடி ஒரு வாய்ப்பு வாங்கியிருக்கேன். இன்னைக்கு மூணு மணிக்கு. அதுக்கு முன்னால இதைக் கொடுத்துட்டுத்தான் வயலினைத் தொடுவேன். சாட்சி வேணும். நீங்க சுவருக்கு அந்தப் பக்கம் தெனம் கேக்குறீங்க, உங்களைவிட யாருக்குத் தெரியும்? இங்க ஒரு கையெழுத்து. சும்மா போடச் சொல்லல. ஆதி தாளம் தெரியும்ல? போடுங்க, சத்தமா போடுங்க. நான் வாசிக்கிறேன். எங்க ஓடுறேன்னு நீங்களே பாருங்க."

பாயில் உட்கார்ந்து வயலினின் தலையைக் காலில் ஊன்றினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

நீலாவதி டம்ளரை மடியில் இடுக்கிக்கொண்டு கையை ஓங்கினாள். கை தொடைக்கு வந்து சேரும் முன்பே வில் தந்தியில் இறங்கிவிட்டது.

நன்றாகத்தான் வாசித்தாள். நீலாவதிக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது. விரல் ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்குத் தண்ணீர் போலப் போயிற்று. சுருதி இம்மி பிசகவில்லை. ஆனால் ஒவ்வொரு தட்டும் புறப்பட்டுப் போய்விட்ட வண்டிக்குக் கை காட்டுவது போல, வெறும் இடத்தில் விழுந்தது. நீலாவதி விட்டுக்கொடுக்கவில்லை. சத்தமாகவே தட்டினாள்.

வில் நின்றது. வென்ற முகத்தோடு மங்கை கண்ணைத் திறந்தாள்.

அப்போதுதான், வயலின் ஓய்ந்த அறையில், கடைசித் தட்டு தனியாக விழுந்தது.

ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது.

"...இன்னொரு தரம் தட்டுனீங்களா? கூடுதலா ஒண்ணு போட்டுட்டீங்களா?"

நீலாவதியின் கை தொடையிலேயே இருந்தது.

"இல்ல. நீங்க... அந்த இடத்துலதான் தட்டுனீங்க." மங்கை விரல்களில் எண்ணினாள். மறுபடி எண்ணினாள். மூடிக் கிடந்த லேப்டாப்பைப் பார்த்தாள். பேனாவை எடுத்து முதல் பக்கத்தில் சிவபிரகாஷ் பெயரை அடித்தாள். "இங்க நெட்டுன்னு எழுதலாம்க்கா. நெட்டு மேலதான் தப்பு. இல்ல, சார் மேல... சார் பாவம், அவருக்குக் கேட்டது அவருக்கு. நெட்டுதான். ஆனா ஸ்பீக்கரை..."

பேனா காகிதத்துக்கு மேலே நின்றது.

"ஸ்பீக்கரை அணைச்சது நான்தான்."

மங்கை பேனாவை மூடிக் கீழே வைத்தாள். நழுவிப் போக நீலாவதிக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. எழுந்தாள். வாசல் வரைக்கும் போனாள்.

சுவர்க் கடிகாரம் இரண்டேகால் காட்டியது.

பின்னால் காகிதம் மடியும் சத்தம் கேட்டது. நாலு பக்கமும் வயலின் பெட்டிக்குள், சாக்பீஸுக்கு அடியில் போயின.

"அக்கா. பால் இந்நேரம் ஆறியே போயிருக்கும். மறுபடி சூடு பண்ணிக்கலாம், நானே வந்து பண்ணித் தர்றேன்." குரல் இறங்கியிருந்தது. "மூணு மணிக்கு முன்னால ஒரே ஒரு தரம். நீங்க போடுங்க. நான் பின்னாடியே வர்றேன்."

நீலாவதி திரும்பி வந்து டம்ளரைத் தரையில் வைத்தாள். முதல் தட்டைத் தட்டினாள். மங்கையர்க்கரசி வில்லைத் தூக்கிப் பிடித்தபடி, அது காதில் விழும்வரை காத்திருந்தாள்.