ஊர் பேர் தெரியாத ‘கட்’

— ஃபோனை கட் பண்ணிடாதக்கா! இதோ, இந்த ‘கட்’தான். இதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.

— இருடா தம்பி, கை வேலையா இருக்கேன், ஸ்பீக்கர்ல போடுறேன். ம்... இன்னைக்கு உனக்கு டெஸ்ட்டு, தையல் ஃபேக்டரியில சட்டை வெட்டிக் காட்டணும்னு நேத்து அப்படி அழுதே. இப்ப என்ன கூத்து?

— டீ பிரேக் முடிஞ்சதும் டெஸ்ட். கேளேன்! ‘கட்’ங்கிற இங்கிலீஷ் வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சுன்னு யாருக்குமே உறுதியாத் தெரியாதாம். டிக்‌ஷனரியே கையை விரிச்சிடுச்சு!

— அது எங்கேர்ந்து வந்தா உனக்கென்ன ராசா?

— எழுநூறு வருஷம் முன்னாடி திடீர்னு இங்கிலீஷுக்குள்ள தலையை நீட்டியிருக்கு. அதுக்கு முன்னால எதை வெட்டினாலும் ‘கார்வ்’ங்கிற வார்த்தைதான். இப்ப பாவம், பெரியவர் கார்வ் ஒரு மூலையில உக்காந்து சிலை செதுக்குறாரு. நம்மாளு? முடி வெட்டினா கட், கரண்டு போனா கட், காலேஜுக்கு மட்டம் போட்டா கட்!

— சம்பளத்துல பிடிச்சாலும் கட்.

— ஆங்! ஊர் பேர் தெரியாம வந்து மொத்த வீட்டையும் வளைச்சுப் போட்டுடுச்சுக்கா. நான் இந்த ஊருக்கு வந்து மூணு மாசம்கூட ஆகல. எனக்கும் ஒரு இடம் கிடைக்காதா?

— நீ பயந்தாத்தான் இப்படி மூச்சு விடாம பேசுவே. காலையில என்ன ஆச்சு?

— ...பழகிப் பாக்கலாம்னு வெட்டினேன். காலர் கோணிடுச்சு.

— எந்தக் கையால வெட்டினே?

— வலது.

— பல்லு விளக்குறதுகூட இடது கைதானேடா உனக்கு!

— இங்க கத்தரி எல்லாமே வலது கைக்குச் செஞ்சது. இடதுல பிடிச்சா துணி வெட்டாம மடங்குதுக்கா. அப்பாகிட்ட சொல்லிடாதே. ‘இடது கையை நீட்டாதேன்னு சின்னதுலயே தட்டினேனே, கேட்டியா’ன்னு ஆரம்பிச்சிடுவாரு.

— அது கிடக்கட்டும். வீட்லேர்ந்து கொண்டுபோனியே தையல் பை, அதுல கீழ் ஜிப்பைத் திறந்தியா?

— ஊசி நூல்தானே?

— திறடா முதல்ல.

— இரு... அக்கா! கத்தரிக்கோல்! ஐயோ, இடது கைக்குச் செஞ்சது! இரு இரு, வேஸ்ட் துணியில வெட்டிப் பாக்குறேன்... பிளேடு மறைக்காம வெட்டுற கோடு தெரியுது! பிசிறே இல்ல! நீ தெய்வம்க்கா! எங்க வாங்கினே?

— நானா? இப்படி ஒண்ணு கடையில விக்கிறதே எனக்குத் தெரியாது. ‘கோணிடுச்சுன்னு அவன் புலம்பினா கீழ் ஜிப்பைத் திறக்கச் சொல்லு’ன்னு எனக்கு உத்தரவு.

— யாரு உத்தரவு?

— மசமசன்னு நிக்காதேடா. பிரேக் முடியப்போகுது. போய் இடது கையாலயே வெட்டு.

— ...அப்பா?