இறக்கி மாட்டிய பலகை

நாற்காலி வேண்டாம், நின்றே பேசுகிறேன். இருபத்திரண்டு வருடம் பயிற்சியாளனாக மைதானத்தில் நின்று பழகிய உடம்பு.

நீங்கள் கேட்கும் அளவுக்கோடு போட்ட பலகை பயிற்சிக்கூடத்தின் பின்சுவரில் இருக்கிறது. தினமும் காலையில் பிள்ளைகள் விரல் நுனியில் சாக்பீஸ் தூள் தொட்டுக்கொண்டு, நின்ற இடத்திலிருந்து எம்பி அதைத் தொடுவார்கள். வழக்கமான உயரத்துக்கு மூன்று விரல்கடை குறைந்தால் உடம்பு இன்னும் தேறவில்லை என்று அர்த்தம். அன்றைக்கு ஓட்டமும் இல்லை, எடை தூக்குவதும் இல்லை. இந்த விதியை வகுத்தவன் நான்தான். சோம்பலுக்குப் படுப்பவனையும் பலகை காட்டிக்கொடுக்கும், வீம்புக்கு ஓடுபவனையும் காட்டிக்கொடுக்கும்.

குருவி வீம்புக்காரி. பத்தொன்பது வயது, நூறு மீட்டர். அணித் தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கும்போது நான்கு விரல்கடை குறைந்தாள். மறுநாளும் அப்படியே. இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு வலிக்கிறது என்றாள். ஸ்கேனுக்கு அனுப்பினேன். பொறுப்பில்லாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

இரண்டு நாள் கழித்துப் பலகையின் திருகாணிகளைக் கழற்றி, ஐந்து விரல்கடை கீழே மாட்டினேன். பழைய ஓட்டைகளைப் பட்டி பூசி அடைத்து, வெள்ளையும் அடித்தேன். செய்வதைத் திருத்தமாகச் செய்ய வேண்டும்.

மறுநாள் எல்லோருமே உயரம் கூடினார்கள். கூடம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. சந்தோஷத்தில் இருப்பவன் சுவரை அளந்து பார்ப்பதில்லை.

"சார், இனிமே குருவின்னு கூப்பிடாதீங்க. கழுகுன்னு கூப்பிடுங்க."

"கால் வலிக்குதா?"

"வலிக்குது. ஆனா பலகை பொய் சொல்லுமா சார்?"

அந்த வாரம் அவளுடைய அம்மா வந்தார். "தூக்கத்துல கூட காலைப் பிடிச்சுக்கிட்டு முனகுறா சார்."

"வளர்ற வலிம்மா."

"பத்தொம்பது வயசுல என்ன சார் வளர்ச்சி?"

"ஓடுற பிள்ளைக்குக் கால் மட்டும் வளரும்" என்றேன். சிரித்துவிட்டுப் போனார்.

ஸ்கேன் அறிக்கை என் கைக்குத்தான் வந்தது. எலும்பில் கீறல், எட்டு வாரம் ஓடக்கூடாது என்றிருந்தது. அதைப் படித்த பிறகுதான் திருப்புளியை எடுத்தேன். அவளிடம் ஒன்றுமில்லை என்று சொன்னேன்.

எட்டு வாரம் என்றால் தேர்வு முடிந்திருக்கும். என்னையும் இருபது வயதில் ஒரு மருத்துவர் இப்படித்தான் உட்காரவைத்தார். நான் எழுந்தபோது என் இடத்தில் வேறொருவன் ஓடிக்கொண்டிருந்தான். அதற்கு யாரும் விசாரணை வைக்கவில்லை.

தேர்வில் அறுபது மீட்டர்வரை அவள்தான் முன்னால். அங்கே கடிகாரத்தை அழுத்தினேன். அதுவரை அவள் ஓடாத வேகம். இன்னும் நாலு எட்டில் எலும்பு முறிந்தது. சத்தம் எனக்குக் கேட்டது. நேரத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு அவளிடம் ஓடினேன்.

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். சொல்லியிருந்தால் நின்றிருப்பாள், அதனால்தான் சொல்லவில்லை. இன்னொரு பிள்ளை வந்தாலும் இதையேதான் செய்வேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

மூன்று அறுவை சிகிச்சை முடிந்து ஊன்றுகோலோடு நடக்கிறாளாம். இதுவரை என்னைப் பார்க்க வரவில்லை. முடிவுக்கோட்டைத் தொடாமல் விழுந்த வெட்கமாக இருக்கும். நான் மனதில் எதையும் வைத்துக்கொள்ளவில்லை என்று அவளிடம் சொல்லுங்கள்.