சரிவில் பதினோரு அடி

— அதனாலதான் பட்டாளம் இந்த லாரியை ஏலத்துல விட்டுச்சு, தங்கச்சி. சண்டைக்குக் கொண்டுபோனா எதிராளி இதோட அச்சைப் பாத்துச் சிரிச்சுச் சிரிச்சே துப்பாக்கியைக் கீழ போட்டுடுறானாம். இப்படி ஜெயிக்கிறது முறையில்லைன்னு பெரிய அதிகாரி வித்துட்டாரு.

— அண்ணே, ஏலத்துல கையைத் தூக்குனதே நான். என்கிட்டயே கதை விடுறியா?

— நீ முன்வாசல்ல நின்ன. நான் பின்வாசல்ல விசாரிச்சேன்.

— சரி, மேல சொல்லு. கீழ என்ன மாத்தியிருக்க?

— குனிஞ்சு பாரு. பழைய அச்சு ரெண்டும் போச்சு. இது பத்துச் சக்கர டிப்பரோட அச்சு. இறக்கும்போது அச்சு அசையல, கிரேனோட பின்சக்கரம்தான் மேல போச்சு. டிரைவர் ஆகாசத்துல உக்காந்தே டீ குடிச்சான்.

— பாரம் தாங்குற வில்லுப்பட்டை அச்சு மேல உக்கார்ற இடம் ஒத்துவந்துச்சா?

— ரெண்டு விரல் அகலம் தள்ளி இருந்துச்சு. வெட்டி, நகத்தி, மறுபடி பத்தவெச்சேன். பத்தவெச்ச இடத்தை நகத்தால தடவிப் பாரு. மாட்டுச்சுன்னா இன்னையோட பட்டறையைப் பூட்டிடுறேன்.

— மாட்டல.

— மாட்டாது.

— அச்சு கிடக்கட்டும். போன தடவை கல் ஏத்திட்டு இதே சரிவுல இறங்குனப்போ பிரேக் மிதி போய்த் தரையில ஒட்டிக்கிச்சு. பிரேக் ஆயில் கொதிச்சிருச்சு. கீழ இருக்குற மணல் மேட்டுல முட்டி நிக்கலேன்னா இன்னைக்கு யார்கிட்ட கதை விடுவ நீ? ஏழு மாசமா உக்காந்து அட்டைப்பெட்டி ஒட்டுறேன். ஓட்டணும்னு ஆசை இருக்கு. படியில கால் வெச்சதும் பயந்து இறங்கிடுறேன்.

— அதுக்குத்தான் ஆயிலே வேண்டாம்னு காத்து பிரேக்குக்கு மாத்தினேன்.

— காத்து ஓடிப்போச்சுன்னா?

— இப்பதான் விஷயத்துக்கு வந்த. பின்சக்கரம் ஒவ்வொண்ணுக்கும் ஒரு டப்பா. டப்பாக்குள்ள முரட்டு ஸ்பிரிங்கு. அதைக் காத்துதான் அமுக்கிப் பிடிச்சிருக்கு. காத்து போச்சுன்னா ஸ்பிரிங்கு பாஞ்சு பிரேக்கைப் பிடிச்சுக்கும். வண்டி தானா நிக்கும்.

— இதுவும் அந்த கிரேன் கதை மாதிரியா?

— பட்டறை வழக்கம் மறந்துபோச்சா? பிரேக் கட்டினவன் முதல் ஓட்டத்துல வண்டிக்கு முன்னால நிக்கணும். அப்பா நின்னாரு. நானும் நிக்கிறேன். கல் ஏத்தியாச்சு. கீழ அந்த வெள்ளைக் கோட்டுல இருப்பேன்.

— ஓரமா நில்லுண்ணே.

— ஓரமா நின்னா அதுக்குப் பேரு வேடிக்கை பாக்குறது.

— மணல் மேடு அப்படியே இருக்கா?

— இருக்கு. நீ இடிச்ச பள்ளத்தோட.

— அப்ப கால் மணி நேரம் குடு. அடியில படுத்து ஒவ்வொண்ணா பாத்துட்டு ஏறுறேன்.

— தாராளமா பாரு. தப்பு இருந்தா எனக்கும் காட்டு, நானும் தப்புன்னா எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கிறேன்.

— அண்ணே, கேக்குதா? ஏறிட்டேன்.

— கேக்குது. பயம்?

— இருக்கு. அதையும் கூட்டிக்கிட்டே ஏறிட்டேன்.

— கோட்டுல நிக்கிறேன். விடு.

— வரேன்.

— வா. அப்படித்தான். இன்னும் வரலாம். போதும், மிதி. தங்கச்சி, போதும். மிதி, மிதி.

— அண்ணே.

— ம்.

— கண்ணைத் திற. வண்டி நின்னு எவ்வளவு நேரமாச்சு.

— தூசி விழுந்துடுச்சு.

— ரெண்டு கண்ணுலயுமா?

— பெரிய தூசி. இரு, செருப்பால அளந்துட்டு வரேன். பதினோரு அடி. பாத்தியா? பத்து டன் கல்லு, இந்தச் சரிவு, எனக்கும் வண்டிக்கும் நடுவுல பதினோரு அடி. எனக்குன்னு திருஷ்டி சுத்திப்போட ஒரு ஆள் வேணும். சரி, எப்படி மிதிச்ச? லேசாவா, அழுத்தியா? சொன்னாத்தான் பிரேக் டிரம் எவ்வளவு சூடாயிருக்கும்னு தெரியும்.

— மிதிக்கலண்ணே. உன் ஸ்பிரிங்குதான் நிறுத்துச்சு. வண்டிக்கு அடியில படுத்தப்பவே, காத்து டேங்குல தண்ணி வடிக்கிற குழாயோட திருகுல கயிறு கட்டிட்டேன். மேல கிளம்பும்போதே இழுத்து, காத்து மொத்தமும் கொஞ்சம் கொஞ்சமா வெளியேறத் திறந்துவிட்டுட்டு, கால் ரெண்டையும் சீட்டு மேல மடக்கி வெச்சுக்கிட்டுத்தான் இறங்கி வந்தேன்.