வெலாசம் இல்லாத சத்தம்

அதெல்லாம் ஒண்ணும் வித்தியாசம் தெரியாது மேடம். பேஸ் ஸ்பீக்கர் பெட்டிய சோபாவுக்குப் பின்னால வச்சா பின்னாலேருந்து இடிக்கிற மாதிரி இருக்கும்னு உங்களுக்கு யாரு சொன்னது? கஸ்ஸானா? ஜூனியே டவுன்ல பெரிய கடை வச்சிருக்கானே, அவனா? ம்... சரி சரி. காபி அப்புறம் குடிக்கிறேன், வேல முடியட்டும்.

இங்க பாருங்க. பாடுறவ குரல், வயலின், இதெல்லாம் எங்கேருந்து வருதுன்னு காது டக்குனு சொல்லிரும். அடியில திம்முனு ஒண்ணு வருது பாத்தீங்களா, அதுக்கு மட்டும் வெலாசமே கெடையாது. ரூம் பூரா நெறஞ்சிரும், எந்த மூலைன்னு காதுக்குப் பிடிபடாது. இத நம்பித்தான் பதினேழு வருஷம் பொழச்சேன். அப்போ கஸ்ஸானும் நானும் கூட்டு மேடம், ஒரே கடை. நம்ப மாட்டீங்களே!

ஒரு ஹோட்டல்காரரு தியேட்டர் கட்டினாரு. நீ சொல்றத நிரூபிச்சுக் காட்டு, வேல உனக்குன்னாரு. பெட்டியத் திரைக்குப் பின்னால மறச்சு வச்சோம். பத்து பேரு கண்ணக் கட்டிக்கிட்டு உக்காந்தாங்க. பேஸ மட்டும் ஓட விட்டு, எங்கேருந்து வருதுன்னு கைய நீட்டுங்கன்னேன். ஒம்பது கை ஒரே மூலைக்குப் போச்சு. பெட்டி இருந்த மூலை! சபையே சிரிச்சுது. அப்புறம் எவன் எனக்கு வேல குடுப்பான்? ஆறு வருஷம் தெருத்தெருவா ஜெனரேட்டர் வயர் இழுத்தேன். காது மேலயே நம்பிக்க போச்சு.

சோபாவக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளுங்க... ஆங், போதும்.

போன மாசம் பலகைக்காக, அன்னிக்குத் திரைக்குப் பின்னால வச்ச அந்தப் பழைய பெட்டியப் பிரிச்சேன். உள்ள ஒரு அராக் சாராய பாட்டில் மூடி. ஒரு ஓரத்துல மட்டும் பசை போட்டு ஒட்டியிருந்துச்சு, பேஸ் அடிக்கிறப்போ கிர்ருனு ஆடுறதுக்கு. அந்தக் கிர்ருக்குத்தான் வெலாசம் உண்டே! அன்னிக்கு எனக்கும் லேசாக் கேட்டுச்சு மேடம். ஏதோ கதவு அதிருதுன்னு விட்டுட்டேன். பெட்டிய மூடினது நாங்க ரெண்டே பேருதான்.

தியேட்டர் வேலையா? அது அவனுக்குத்தான் போச்சு, வேற யாருக்கு? போகட்டும், அது கூட ஆறிரும். பத்தாவதா உக்காந்திருந்தது கஸ்ஸான் மேடம். அவன் மட்டும் எதிர் மூலையக் காட்டினான். என் மானத்தக் காப்பாத்தப் பொய் சொல்றான்னு நெனச்சு, பாவி நான், அத்தன பேருக்கு முன்னாடி அவன் நெத்தியில முத்தம் குடுத்தேன்.