ஆறே முக்கால் அடி மாப்பிள்ளை

“மாப்பிள்ளைட தலைக்காக ஊட்டு வாசலையெல்லாம் இடிக்கணும், மேசன்!”

அக்கரைப்பற்று பஸ்ஸில் முன் இருக்கைக்காரர் இப்படிச் சொன்னதும், எந்த வாசலிலும் தலை முட்டாத உயரம் கொண்ட நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“மகளுக்கெண்டு போன மாசம்தானே கட்டி முடிச்ச, காக்கா?” என்றார் பக்கத்திலிருந்த மேசன்.

“மாப்பிள்ளை ஆறே முக்கால் அடி. கட்டார்ல கூடைப்பந்து ஆடுறதுதான் தொழில். அவர்ட வாப்பா கரப்பந்து, உம்மா உயரம் பாய்தல்; குடும்பமே அப்படி.”

“அதுக்கு?”

“கலியாணம் முடிச்சு நம்மட ஊட்டுலதானே இரிக்கப் போறாரு. நிலையில தலை அடிபட்டா ஆட்டமே போயிடுமே!”

“அப்ப நாளைக்கே இடிப்பம்.”

“மகள் உடுறாள் இல்லியே. ‘இடிக்காதீங்க வாப்பா, அவரு குனிஞ்சு வந்தாத்தான் நான் அவர்ட மூஞ்சியப் பார்க்கலாம்’ எண்டு நிக்கிறா.”