மிதித்தால் வரும் வெளிச்சம்

சிவகாசியிலிருந்து ஆமத்தூர் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள். மூத்தவரின் மடியில், பழைய மாடலில் புதிதாகச் செய்த உருண்டையான சைக்கிள் விளக்கும் டைனமோவும் இருந்தன.

“இதுக்குத் தீயே வேணாம் பாத்துக்க” என்றார் அவர்.

இளையவர் சிரித்தார். “லைட்டுக்கு எதுக்கு மதினி தீ? பேட்டரி லைட்டு சின்னதா, அளகா இருக்குமே?”

“கடைக்காரரு அதையுந்தான் காமிச்சாரு. மினுக்கு மினுக்குன்னு பொறி மாதிரி அடிக்குது. நாள் பூரா பொறிக்குப் பயந்துக்கிட்டு இருக்கேன், ரோட்டுலயுமா? அப்புறம் கடை சைக்கிள்ல இதை மாட்டி, ஸ்டாண்டு போட்டு, என்னைய ஏறி மிதிக்கச் சொன்னாரு. மருந்து இல்ல, திரி இல்ல. நான் மிதிக்க மிதிக்கச் சுவத்துல மஞ்சளா வெளிச்சம் வருது!”

“நிப்பாட்டினா அணைஞ்சிருமே?”

“அணைஞ்சிரும். திரும்ப மிதிச்சா திரும்ப வருது. நாம செய்யிறது எதாவது ரெண்டாந்தரம் எரியுமா?”

இளையவர் விளக்கைக் கையில் வாங்கி, கண்ணாடியை முந்தானையால் மெல்லத் துடைத்தார்.

“காலையில கம்பெனிக்குப் போறப்ப என்னையும் பின்னால ஏத்திக்கிறீகளா மதினி? விடியுறதுக்கு முன்னாடியே கெளம்பிருவோம்.”