பறுவம் ஆருக்கு?

குகன்: மீன்காரன் ஒழுங்கையாலை ஹோர்ன் அடிச்சுக்கொண்டு போனவனெல்லே, அக்கா?

மலர்: ஓம்... போனவன்.

குகன்: பிறகேன் மறிக்கேல்லை?

மலர்: இண்டைக்குப் பௌர்ணமி, போயா லீவெல்லே தம்பி. கடையெல்லாம் பூட்டு.

குகன்: பூட்டினது இறைச்சிக்கடை. மீன்காரன்ரை மோட்டச்சைக்கிளுக்கு ஆர் பூட்டுப் போட்டது?

மலர்: கட்டிலிலை கிடந்தாலும் உன்ரை வாய் மட்டும் எழும்பி நடக்குது!

குகன்: முறிஞ்சது இடுப்பு நாரிதானே. நாக்கில்லையே.

மலர்: இஞ்சை திருநெல்வேலியிலை அந்த மாடிக்குச் சீமெந்து பூசப் போய் விழேக்கை, நாக்கும் கொஞ்சம் சுளுக்கியிருக்கலாம். வீட்டிலை ஒரு நிம்மதி இருந்திருக்கும்.

குகன்: மூக்கு வேலை செய்யுமே. குசினியிலை வாழைக்காய் பொரியுது. பூசணிக்காயும் அவியுது. பயறு வறுத்த மணமும் வந்தது... பாயாசமோ?

மலர்: உனக்கு விருப்பமெண்டு...

குகன்: நான் எப்ப பாயாசம் குடிச்சனான்? அது அம்மாவுக்கெல்லே விருப்பம். அக்கா.

மலர்: என்னடா? உலை கொதிக்குது, கெதியாச் சொல்லு.

குகன்: உடுப்பிட்டியிலை அம்மா எப்பிடி இருக்கிறா?

மலர்: இருக்கிறா. சின்னம்மா பாக்கிறாதானே. உன்னையும் அவவையும் ஒரு வீட்டிலை வைச்சுப் பாக்க எனக்கு நாலு கையோ?

குகன்: ஒருக்கா ஃபோன் எடுத்துத் தாங்கோவன்.

மலர்: அவவுக்கு இப்ப காது சுத்தமாக் கேளாது. நீ இஞ்சை கிடந்து கத்த, நாரிக்கு வைச்ச பிளேட் கழண்டு போகும்.

குகன்: கேளாட்டிப் பறவாயில்லை. அவ கதைக்கட்டும். நான் கேக்கிறன்.

மலர்: நாளைக்கு எடுப்பம்.

குகன்: இண்டைக்குப் படைச்சுப்போட்டு, நாளைக்கு ஃபோனோ?

மலர்: ஆர் படைச்சது? என்னத்தைப் படைச்சது?

குகன்: போன பௌர்ணமிப் பறுவத்துக்கும் உப்பிடித்தான். நடுமத்தியானம் கிணத்தடியிலை நிண்டு காகம் கூப்பிட்டனீங்கள்.

மலர்: காகத்துக்குச் சோறு வைக்கிறது நல்லதெல்லே...

குகன்: நல்லதுதான். ஆனால் காகத்தை ஆரும் குசுகுசுத்துக் கூப்பிடுறவையோ? "கா... கா..." எண்டு, களவெடுக்க வந்த ஆள் மாதிரி. காகமும் பயந்து போயிருக்கும்.

மலர்: சிரிக்காதை. காகம் வந்தது.

குகன்: வந்ததோ?

மலர்: ம்...

குகன்: அப்பா போனதிலையிருந்து அமாவாசை பிடிக்கிறியள். நானும் பிடிக்கிறனான். அது தேப்பன் இல்லாதவை பிடிக்கிறது. தாய் இருக்கிறவை பறுவ விரதம் பிடிக்கிறவையோ, அக்கா?

மலர்: அது... உன்ரை நாரிக்கு நேத்தி வைச்சனான். நீ எழும்பி நடக்குமட்டும் பறுவத்துக்கு ஒருநேரம்தான் சாப்பிடுவன் எண்டு.

குகன்: ஆருக்கு நேத்தி?

மலர்: பிள்ளையாருக்கு.

குகன்: பிள்ளையாருக்குச் சதுர்த்தியெல்லே.

மலர்: நீ என்ன ஐயரோ? பேசாமல் கிட.

குகன்: அந்தப் பிள்ளையாரிட்டை நீங்கள் கடைசியா எப்ப போனியள்? நான் ஆசுப்பத்திரி வாட்டிலை கிடக்கேக்கை வெள்ளிக்கு வெள்ளி அவற்றை திருநீறு கொண்டந்து நெத்தியிலை பூசுவியள். பிறகு ஒரு வெள்ளி வெறுங்கையோடை வந்தியள். அடுத்த வெள்ளியும் வெறுங்கை.

மலர்: பெம்பிளையளுக்கு அப்பிடி நாள் வாறதுதானே...

குகன்: மாதம் முழுக்கவோ? செத்தவீட்டுத் துடக்குக்காரர்தான் கோயில் வாசல் மிதியாயினம். அண்டைக்கே எனக்குத் தெரியும் அக்கா, அம்மா இல்லையெண்டு. பக்கத்துக் கட்டில் கிழவன் தோடம்பழம் உரிச்சுத் தந்தவர். அதைக் கையிலை வைச்சுக்கொண்டு விடியுமட்டும் சுவரைப் பாத்துக்கொண்டு கிடந்தனான்.

மலர்: தெரிஞ்சுகொண்டே... ஏன்ரா என்னட்டைக் கேக்கேல்லை?

குகன்: கேட்டால் சொல்லிப்போடுவியள் எண்டு பயம்.

மலர்: டொக்டர்தான் ராசா... ஒப்பரேசன் முடியேல்லை, மனம் குழம்பினால் பிரஷர் ஏறும், ஒண்டும் சொல்லாதேங்கோ எண்டவர். ஒராளைக் குடுத்திட்டு வந்து நிக்கிறன். மற்றாளையும் குடுக்கவோ?

குகன்: கடைசியிலை என்னைக் கேட்டவவோ?

மலர்: கேட்டவ. "வேலையாலை வந்திட்டானோ, அவனுக்குச் சோறு மூடி வைச்சனியோ" எண்டு. நீ விழுந்தது அவவுக்குச் சொல்லேல்லை.

குகன்: அவவுக்கும் ஒரு பொய், எனக்கும் ஒரு பொய். நடுவிலை நீங்கள் தனிய...

மலர்: அழாதை. நாரி அசையப்படாது.

குகன்: நான் எங்கை அழுறன்? நீங்களெல்லே அழுறியள். முகத்தைத் துடையுங்கோ. உங்கை ஏதோ அடிப்பிடிக்குது.

மலர்: பிடிக்கட்டும்.

குகன்: அம்மான்ரை பாயாசமெல்லே! ஓடிப்போய் இறக்குங்கோ... இறக்கிப்போட்டு ஒரு ஈரத்துணி கொண்டாங்கோ. என்ரை மேலைத் துடைச்சுவிட்டால், இலையை இஞ்சை கட்டிலடியிலை போடலாம். அவவின்ரை படத்தையும் கொண்டாங்கோ. நான் தண்ணி தெளிக்கிறன்.

மலர்: கிடந்தபடி படைக்கலாமோடா?

குகன்: அம்மா என்னை முதல் கண்டதே கிடந்தபடிதானே.

மலர்: ...கொண்டாறன்.

குகன்: நில்லுங்கோ. ஒண்டு கேக்கவேணும். இவ்வளவு நாளும் கேக்காமல் வைச்சிருந்தனான். தாய்க்குக் கொள்ளி வைக்கவேண்டியது நான். இருக்கிறது நான் ஒரு பெடியன்தான். நான் வாட்டிலை... ஆர் வைச்சது?

மலர்: இப்ப ஏன் அதை...

குகன்: பெரியப்பான்ரை மகன் மயூரதனோ? சொல்லுங்கோ அக்கா. எல்லை வேலிக் கதியாலுக்காக அம்மாவைத் தூசணத்தாலை பேசினவன். அவன் மூட்டின நெருப்பிலை அவ போனவ எண்டால்... எந்த முகத்தோடை இண்டைக்கு நான் படைக்கிறது?

மலர்: அவன் வந்தவன். வேட்டியும் கட்டிக்கொண்டு வந்து முன்னுக்கு நிண்டவன். ஊராக்களும் அவனைத்தான் காட்டினவை.

குகன்: வைச்சவனோ?

மலர்: நான் விடேல்லை.

குகன்: அப்ப? அத்தான் கட்டாரிலை. உங்களுக்கு இருக்கிறது ரெண்டும் பெட்டையள். சுடலைக்கு ஆர் போனது?

மலர்: நீ வேலைக்குப் போடுற நீலச் சேட்டு நீயும் அம்மாவும் இருந்த வீட்டுக் கொடியிலை கிடந்தது. தோய்க்கேல்லை, சீமெந்தும் வேர்வையும் அப்பிடியே. அதைச் சீலைக்கு மேலை போட்டுக்கொண்டு, கொள்ளிக்குடத்தை நான்தான் தூக்கினனான். பெம்பிளை சுடலைக்குப் போறாள் எண்டு ஒழுங்கை முழுக்கக் கத்தினது. இண்டுவரைக்கும் ஒருத்தரும் இந்த வீட்டிலை ஒரு வாய் தண்ணி குடிக்கேல்லை... கொள்ளி வைக்கேக்கை அவவின்ரை காதுக்குள்ளை சொன்னனான்: "இது என்ரை கையில்லை அம்மா, தம்பியின்ரை கை."